ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

கிளிநொச்சி
9.2.1959

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்களும் அத்தானும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். சின்னவளுக்கு முட்டு இழுப்பு குறைந்ததா? எழுதுங்கள்.

உங்களுக்கு ஒரு புதினம். இந்தக் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க மட்டுமே வந்த உங்கள் தங்கச்சி இப்போது ஆராதனையும் நடத்துகிறாள். உபதேசியார் நோய் வருத்தமாகி யாழ்ப்பாணம் போய்விட்டார். போதகர் ஐயா வவுனியாவிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மட்டுமே வருகிறார். மற்ற ஞாயிறுகளை என்னைப் பார்க்கச் சொன்னார். பெண்பிள்ளை நடத்துவதா என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

வாலிபர் சங்கம் ஒன்றும் தொடங்கியிருக்கிறேன். அதில் பாலன் என்று ஒருவன் இருக்கிறான். அன்னபாக்கியம் என்ற விதவையின் மூத்த மகன், பத்தொன்பது வயது. தகப்பன் காடு வெட்டிய முதல் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். தாயோடு சேர்ந்து மூன்று ஏக்கர் வயலையும் அவன்தான் பார்க்கிறான். அக்கா, நான் சொல்வதை அவன் கேட்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். ஒரு சொல்லையும் கீழே விழவிடமாட்டான்.

அத்தானுக்கு என் அன்பு. சின்னவளுக்கு முத்தம்.

உங்கள் தங்கச்சி,
நேசமலர்


முல்லைத்தீவு
21.2.1959

அன்புத் தங்கச்சி நேசமலருக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு இழுப்பு விட்டுவிட்டது, இப்போது வாய்தான் விடுவதில்லை.

உன் கடிதத்தை மாதர் சங்கத்தில் வாசித்துக் காட்டினேன். கோபிக்காதே. எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். சின்ன வயதில் ஜெபம் பண்ணச் சொன்னால் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக்கொள்ளும் ஆள் நீ என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் இருந்திருந்தால் எவ்வளவு பூரித்துப் போயிருப்பார்கள் என்று நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

தபாற்கந்தோரில் வேலை கூடிவிட்டது என்று அத்தான் சொல்கிறார். உன் கடிதம் வந்தால் மட்டும் கையோடு கொண்டுவந்து தருகிறார். அடிக்கடி எழுது. சங்கத்தில் கேட்கிறார்கள்.

தேகத்தைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா இரஞ்சிதம்


கிளிநொச்சி
1.4.1959

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவர் உங்கள் வீட்டிலும் இருப்பாராக. நான் சுகம். பெரிய வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசியதில் தொண்டை மட்டும் கட்டிவிட்டது.

அன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. வேளாண்மை தொடங்கினால் இங்கே ஞாயிறில் தேவாலயம் காலியாகிவிடும். கேட்டால் வயல் என்பார்கள். நான் அன்று எழுந்து, "ஞாயிறில் வயலுக்குப் போகிறவன் வயலைக் கும்பிடப் போகிறான்" என்று சொன்னேன். எங்கிருந்து அந்தச் சொல் வந்ததென்று எனக்கே தெரியாது. பிறகு வாலிபர்களை முன்னுக்கு வரச் சொல்லி, வேதத்தின்மேல் கைவைத்துப் பொருத்தனை பண்ணச் சொன்னேன். ஞாயிறில் மண்வெட்டியைத் தொடுவதில்லை, என்ன வந்தாலும் தொடுவதில்லை என்று.

முதலில் வந்தவன் பாலன். அவனுக்குப் பின்னால் மற்ற எல்லோரும் வந்தார்கள். அக்கா, அப்படி ஒரு நாளை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை.

மாதர் சங்கத்துச் சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அன்புத் தங்கச்சி,
நேசமலர்


முல்லைத்தீவு
15.4.1959

என் அருமைத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் தொண்டைக்குத் தேத்தண்ணீரில் வேர்க்கொம்பு தட்டிப் போட்டுக் குடி.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்க வைத்துவிட்டார்கள். அந்த வயல் கும்பிடுகிற சொல் இப்போது முல்லைத்தீவு முழுவதும் உலாவுகிறது. எங்கள் சங்கமும் சும்மா இருக்கவில்லை. இனி ஞாயிறில் அடுப்பு மூட்டுவதில்லை என்று தீர்மானம் எடுத்திருக்கிறோம். சனிக்கிழமைச் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்து ஞாயிறில் சாப்பிடுகிறோம். அத்தான் முதல் ஞாயிறு சிரித்தார், இரண்டாம் ஞாயிறு சிரிக்கவில்லை.

அவர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அங்கே குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தானே வரும், அந்த முறை ஞாயிறில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அவருக்கு எப்போதும் குதர்க்கம்தான். நீ மனதில் எடுக்காதே.

கர்த்தர் உன்னை இன்னும் உயர்த்துவாராக.

அக்கா


கிளிநொச்சி
20.5.1959

அன்புள்ள அக்கா,

நான் நல்ல சுகம். அத்தானின் முதுகு வலி எப்படி? அவருடைய கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகத்துக்குத் தண்ணீர்க் கூட்டம் போட்டு, எந்தக் காணிக்கு எந்த நாள் என்று சீட்டுக் குலுக்கினார்கள். அன்னபாக்கியத்தின் காணிக்கு விழுந்தது ஞாயிறு காலை. அவ என்னிடம் முகம் கறுத்து வந்தா. நான் முழங்காலில் இருந்து ஜெபித்தேன். அடுத்த நாளே பக்கத்துக் காணி வீரகத்தி, அவர் பிள்ளையார் பக்தர், தன் வியாழக்கிழமையைத் தந்து ஞாயிறைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்ட விதானையாரும் தலையாட்டிவிட்டார். பாலன் ஓடிவந்து சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. பொருத்தனையைக் காத்தால் ஆண்டவர் நம்மைக் காப்பார் என்று அன்றைய சங்கத்தில் அவனையே சாட்சி சொல்ல வைத்தேன்.

இதைச் சங்கத்தில் கட்டாயம் வாசியுங்கள்.

உங்கள்
நேசமலர்


முல்லைத்தீவு
4.6.1959

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். அத்தானின் முதுகு வலிக்கு இப்போது பழஞ்சோறுதான் காரணமாம்.

வீரகத்தியின் கதையை வாசித்தபோது கைதட்டினார்கள். தேவாலயத்தில் கைதட்டலாமா என்று ஒரு கிழவி கேட்டபின்தான் நிறுத்தினார்கள். கொக்கிளாயிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களும் தங்கள் ஊரில் இதைத் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். நீ அங்கே ஒரு சொல் சொல்ல, இங்கே கடற்கரை வரைக்கும் போகிறது. என் தங்கச்சி என்று சொல்லி நான் நிமிர்ந்து நடக்கிறேன், அந்தப் பாவத்தை ஆண்டவர் மன்னிக்கட்டும்.

சின்னவளுக்கு வயிற்றோட்டம். பயப்பட ஒன்றுமில்லை.

உடனே பதில் போடு.

அக்கா


முல்லைத்தீவு
7.7.1959

நேசமலர்,

ஒன்றரை மாதமாக உன் கையெழுத்தைக் காணவில்லை. சுகமில்லையா? அத்தான் ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு வருகிறார். சங்கத்தில் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு வரி எழுதினால் போதும்.

அக்கா


கிளிநொச்சி
11.7.1959

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம். இங்கே மழை இல்லை, வெயில் கடுமை. சின்னவளுக்கு வயிறு சுகமா?

வேறு விசேஷம் இல்லை. எங்களுக்காக ஜெபியுங்கள்.

நேசமலர்


முல்லைத்தீவு
21.7.1959

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும்.

கருவாடு ஏற்றிக்கொண்டு உன் பக்கம் சந்தைக்கு வருகிற இஸ்ஸதீன் நானா நேற்று வீட்டுக்கு வந்தார். உன்னைப் பற்றி நான் கேட்க, அவர் சொல்வதா விடுவதா என்று தலைப்பாகையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "உங்கட தங்கச்சி ரீச்சர் ஞாயித்துக்கிழமை வயலுக்க நிண்டு தண்ணி கட்டினவவாம். தேவாலயத்து ஆக்கள் அவவோட கதைக்கிறேல்லையாம்." நான் அவரோடு சண்டை போட்டேன். என் தங்கச்சி அப்படிச் செய்யமாட்டாள், ஆளைப் பிழையாகச் சொல்கிறீர்கள் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபிறகு உன் கடைசிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மழை இல்லை என்று எழுதியிருக்கிறாய். பாலனின் பெயரே இல்லை. என்ன நடந்தது? எனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப் போகிறாய்?

கண்ணீருடன்,
அக்கா


கிளிநொச்சி
30.7.1959

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். இஸ்ஸதீன் நானாவைக் கண்டால் அவர் சொன்னது சரியென்று சொல்லி, என் சார்பிலும் மன்னிப்புக் கேளுங்கள்.

ஜூன் மாதக் கடைசியில் குளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. இனி யாரும் முறை மாற்றக்கூடாது, அவரவர் நாளில் எடுக்காவிட்டால் தண்ணீர் கீழே போகும் என்று விதானையார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீரகத்தியின் வியாழன் வீரகத்திக்கே போனது. அன்னபாக்கியத்துக்கு மறுபடி ஞாயிறு. அப்போது பயிர் குடலைப் பருவம். கதிர் வயிற்றில் இருக்கும் அந்த நேரம் தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் மணியில்லாச் சப்பிதான்.

முதல் ஞாயிறு பாலன் தண்ணீரைப் போகவிட்டான். ஆராதனையில் அவன் முகம் பிரகாசமாக இருந்தது. நானும், இதோ விசுவாசம் என்று நினைத்தேன். இரண்டாம் ஞாயிறும் விட்டான். அந்தக் கிழமை அன்னபாக்கியம் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. போன போகம் வெள்ளத்தில் போய்விட்டது, இந்தப் போகமும் விளையாவிட்டால் காணி அதிகாரி பெமிற்றோடு காணியையும் திருப்பி எடுத்துவிடுவார், பிறகு யாழ்ப்பாணத்தில் அண்ணன் வீட்டுக் குசினி அடுப்படியில்தான் தன் சீவியம் என்றா. பிறகு என் கையைப் பிடித்து, "ரீச்சர், நீங்கள் கட்டினதை நீங்களே அவிட்டு விடுங்கோ" என்றா.

நான் அன்றைக்கே பாலனிடம் போனேன். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடலாம் என்று இயேசு சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். வரும் ஞாயிறு தண்ணீர் கட்டு, பாவமில்லை, நான் சொல்கிறேன் என்றேன். அவன் தலைகுனிந்து முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான்: "நான் உங்களுக்குப் பொருத்தனை பண்ணேல்லை ரீச்சர். கர்த்தருக்குப் பண்ணினனான். அதை அவிழ்க்க நீங்கள் ஆர்?"

வீரகத்தி தான் திறந்துவிடுவதாகச் சொல்லியும் பார்த்தார். வேறு ஆளை வைத்துப் பாவம் செய்விப்பதா என்று கேட்டுவிட்டான் இவன். மற்றப் பொடியன்களும் அவன் பக்கம். தாயோ, மகனை மீறித் தான் மடை திறந்தால் அவன் வீட்டைவிட்டே போய்விடுவான் என்று அஞ்சினா. அந்தச் சனிக்கிழமைதான் உங்களுக்கு அந்த நாலு வரியை எழுதினேன். உண்மையை எழுதினால் நீங்கள் அதைச் சங்கத்தில் வாசிப்பீர்களே என்று பயந்தேன் என்று சொல்ல நினைத்தேன். உண்மை அதுவல்ல. இனிமேல் என் கடிதங்களை வாசிக்கமாட்டீர்களே என்றுதான் பயந்தேன்.

ஞாயிறு காலை தேவாலயத்தைத் திறந்து வைத்துவிட்டு, வேதத்தைப் பாலனின் கையில் கொடுத்து, இன்றைக்கு நீ நடத்து என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை. நான் நேரே அன்னபாக்கியத்தின் வயலுக்குப் போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் மடையை வெட்டினேன். எனக்கு வெட்டத் தெரியவில்லை. சுற்றிவரச் சேறாகியதே தவிர வாய் திறபடவில்லை. அன்னபாக்கியம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அழுதுகொண்டே இறங்கிவந்து மற்றப் பக்கத்தை வெட்டினா. தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கியபோது நிலம் இரைந்தது.

தேவாலயம் அந்த வயலுக்கு இரண்டு காணி தள்ளித்தான். ஓலைச் சுவர். பாட்டு முடிந்து பாலன் ஜெபம் தொடங்கியது எனக்கு நன்றாகக் கேட்டது. "வயலைக் கும்பிடப் போன எங்கட சகோதரியை மன்னியும் ஆண்டவரே" என்று அவன் ஜெபித்தான். குரலை ஏற்றுகிற இடம், நிறுத்துகிற இடம், மன்னியும் என்பதை மூன்று தரம் சொல்லுவது, எல்லாம் நான் செய்வதுபோலவே இருந்தது. கோபமில்லாத ஜெபம் அக்கா. உண்மையான துக்கத்தோடு எனக்காக மன்றாடினான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்று அதைக் கேட்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வரம்பு வழியே போனார்கள். என்னைக் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாலன் கடைசியாக வந்து, வயலைப் பார்த்துவிட்டுப் போனான். வாலிபர் சங்கத்துக்கு இப்போது அவன்தான் தலைவன். சங்கத்து அலுமாரித் திறப்புக் கொத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் மடை திறக்கப் போகிறேன். வேறென்ன செய்ய?

இந்தக் கடிதத்தையும் சங்கத்தில் வாசியுங்கள்.

நேசமலர்


முல்லைத்தீவு
10.8.1959

என் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ திடமாக இரு.

வாசித்தேன். சங்கத்துக்கு வாசிக்கப் போகமாட்டேன் என்றுதான் முதலில் இருந்தேன். அத்தான், "அவள் கேட்டது இது ஒண்டுதான்" என்று சொன்னபிறகு போனேன். பாலன் ஜெபித்த இடத்தில் கடிதத்தை நீட்டிவிட்டேன், பக்கத்திலிருந்தவ வாங்கி மிச்சத்தை வாசித்தா. நேற்று ஞாயிறு. தேவாலயத்தால் வரும்போது ஒவ்வொரு குசினியிலும் புகை போய்க்கொண்டிருந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அத்தானுக்குச் சுடச்சுடச் சோறு போட்டேன்.

உன்னை அங்கே அவர்கள் ஒதுக்கி வைத்திருக்க, நான் இங்கே எப்படி நிம்மதியாக இருப்பது? மாற்றம் கேட்டு எழுது. இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது. சின்னவள் உன் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

என்றும் உன்
அக்கா


கிளிநொச்சி
12.9.1959

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் சுகம். நீங்கள் மூவரும் சுகமென்று நம்புகிறேன். சின்னவளிடம் கட்டிலைப் பூனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மாற்றம் கேட்கவில்லை.

அன்னபாக்கியத்தின் வயலில் மேல் பாதி சப்பி. கீழ்ப் பாதி விளைந்தது. காணி அதிகாரி வந்து பார்த்து, காணி அவவுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நெல் அரிவி வெட்டிலும் களத்தில் சூட்டடிப்பிலும் பாலன் ஒரு குறையும் வைக்கவில்லை, கிழமை நாளெல்லாம் மாடுபோல வேலை செய்தான். ஆனால் அந்த நெல்லில் ஒரு பிடி சோறும் தின்னமாட்டேன் என்றுவிட்டான். ஞாயிற்றுத் தண்ணீரில் விளைந்ததாம். மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்கிறான். மகன் தின்னாத சோறு தனக்கு எதற்கென்று தாயும் கிழங்குதான். வீடு நிறைய நெல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மெலிந்துபோனார்கள். அதைக் காணக் காண, தண்ணீர் கட்டி நான் எதைக் காப்பாற்றினேன் என்று நெஞ்சு வெந்தது.

புதன்கிழமை மத்தியானம் அன்னபாக்கியம் என்னைப் புதிர்ச் சோற்றுக்குக் கூப்பிட்டா. புது நெல்லில் பொங்கிய முதல் சோறு. தண்ணீர் கட்டிய கைக்குத்தான் முதலில் போடவேண்டும் என்று ஒரே பிடி. போனேன். எனக்கு மட்டும் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுவிட்டு, தன் கோப்பையை வெறுமையாய் வைத்துக்கொண்டு அவ தள்ளி இருந்தா. பாலன் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். மடை வெட்டிய நாளிலிருந்து அவன் என்னோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. எழுந்து போய்விடலாமா என்று எனக்கு இருந்தது. சோற்றைத் தொடவும் மனம் வரவில்லை.

அவன் என் கோப்பையைப் பார்த்தான், தாயின் வெறும் கோப்பையைப் பார்த்தான். பிறகு சட்டியிலிருந்து தன் கையாலேயே சோறு அள்ளித் தாயின் கோப்பையில் போட்டான்.

"ரீச்சர், ஜெபம் பண்ணுங்கோ" என்றான். "நான் சாப்பிடமாட்டன். அது என்ரை பொருத்தனை. அம்மா பண்ணேல்லைத்தானே. அவா சாப்பிடட்டும்."

அக்கா, பெரிய வெள்ளிக்கிழமையன்று ஒரு தேவாலயத்தையே கட்டிப்போட்ட எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. எனக்கு ஜெபம் வரவில்லை. எத்தனையோ நீள ஜெபம் பண்ணிய வாய். "இந்தச் சோற்றுக்காக நன்றி ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி முடித்தேன். பாலன்தான் ஆமென் சொன்னான். தாய் சாப்பிட்டா. நானும் சாப்பிட்டேன். அவன் எங்களுக்குப் பக்கத்தில் அதே பாயில் இருந்து கிழங்கைத் தின்றான்.

நாளை ஞாயிறு. ஆராதனை அவன் நடத்துகிறான். நான் போகிறேன்.

உங்கள் எல்லோருக்கும் என் அன்பு.

தங்கச்சி,
நேசமலர்